வந்தாளா, வரவில்லையா

எழில்,

இன்றைக்கு மாத்தூரிலிருந்து உன் வருங்கால மாமியார் வந்திருந்தார். நீ கிளினிக்கில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்ததிலிருந்தே, உன்னை வைத்துக்கொண்டு பேச முடியாத பேச்சு ஏதோ இருக்கிறது என்று எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. கூட மாப்பிள்ளையும் வந்திருந்தார். பாவம், அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த குற்றத்துக்காக ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் அம்மா வெங்காய பஜ்ஜி போட்டாள். அந்த அம்மா ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு, காபியைக் குடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்ட பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சம்மந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணு தங்கம், அதுல ஒரு கொறையும் இல்ல. பிரசவம் பாக்கட்டும், கொழந்தைங்களுக்கு ஊசி போடட்டும், ஊரே கையெடுத்துக் கும்புடுது. ஆனா அந்தக் கலைக்கிற வேல மட்டும் வேணாம். ஏற்கெனவே ஒரு தபா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்துச்சாமே. ஜெயில்ல போடற மாதிரி சட்டமெல்லாம் வந்துட்டுதுன்னு சொல்றாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அது எங்க வூட்டுப் பொண்ணு. நீங்க அதுகிட்ட பேசி ஒரு வார்த்த வாங்கிக் குடுங்க. இல்ல, பெத்தவரு நீங்களே குடுத்தாலும் போதும்."

கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி. மருமகள் கைதானாள் என்று நாளைக்குத் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்ததால் என்னால் கோபப்பட முடியவில்லை. ஆனால் ஒரு பதில் சொல்லித்தான் அனுப்பினேன். என்ன பதில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது என் சொந்தச் சரக்கு இல்லை, உன்னிடமிருந்து எடுத்தது. எடுத்த இடத்தை முதலில் காட்டிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்து உன்னைப் புகழ ஆரம்பித்தால் நீ "நைனா, பிரஷர் மாத்திர போட்டியா" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே வர முடியாது. இன்னொன்று, எங்கள் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர்களின் மாதப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அதன் ஆசிரியர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பென்ஷன் செய்தியும் மூட்டுவலிக்கு வைத்தியமும் தவிர அதில் வேறெதுவும் வருவதில்லை. இதைக் கொடுக்கப்போகிறேன். மகள் உள்ளவர்கள் ஒரு தடவை படிக்கட்டும், மகன் உள்ளவர்கள் இரண்டு தடவை படிக்கட்டும். இப்படி நாலு பேர் எட்டிப் பார்த்துப் படிக்கும் கடிதம் என்பதால் சில இடங்களில் ஊரை மாற்றி, தொழிலை மாற்றி, நடந்த காலத்தை மாற்றி, வந்தவள் கதையையும் வராதவள் கதையையும் ஒன்றாகக் கலந்து எழுதுகிறேன். எது மாற்றியது என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் உன்னிடம் காட்டுவேன். நீ அடிக்கச் சொல்லும் வரியை அடித்துவிடுவேன்.

நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது ஆயுத பூஜைக்கு உன்னைத் துறைமுகத்துக்குள் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? அன்றைக்கு ஒரு நாள் மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். கிரேனுக்கெல்லாம் சந்தனம் தெளித்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்தோம். நீ என் கிரேனை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ ஒசரத்துல ஒக்காந்துகினு கீழ கத்தறது எப்டி நைனா ஒன் காதுல விழும்?" என்று கேட்டாய். விழாது என்றேன். கீழே கப்பலின் கிடங்குப் பக்கத்தில் சிக்னல்மேன் என்று ஒருவர் நிற்பார். மேலே இருப்பவன் அவர் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். மேஸ்திரி கத்துவார், கப்பல்காரர் கத்துவார், லாரிக்காரன் ஹாரனே அடிப்பான். எவன் பேச்சையும் கேட்கக்கூடாது. பத்துப் பேர் கையைப் பார்த்து லோடு இறக்கினால் அது எவன் தலையிலாவதுதான் இறங்கும். நீ விடவில்லை. "யார் பேச்சும் கேக்கவே மாட்டியா?" என்றாய். ‘நிறுத்து’ என்று மட்டும் யார் கை காட்டினாலும் நிறுத்திவிட வேண்டும், அது ஒன்றுதான் விலக்கு என்று சொன்னேன். நீ பொரியை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கிரேனைப் பார்க்கப் போய்விட்டாய். மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன்.

நீ டாக்டரானதும், தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் கிளினிக் வைத்ததும், வேலையை விட்டு வந்த நான் "சும்மா வீட்ல ஒக்காந்து இன்னா பண்ணப்போறேன்" என்று டோக்கன் கொடுக்கும் மேஜையில் வந்து உட்கார்ந்ததும் இந்தத் தெருவுக்கே தெரியும். நீ என்னை உட்கார வைத்த அன்றைக்கே ஒரு விதி சொன்னாய். "நைனா, டோக்கன் குடு, பேர் கேளு. எதுக்கு வந்தேன்னு கேக்காத. வெளிய போய் யார் வந்தாங்கன்னு சொல்லாத, அம்மாகிட்டகூட." உன் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அதைக் காப்பாற்றியதற்கு எனக்கு ஒரு மெடல் தர வேண்டும்.

சட்டம் மாறின கதையைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, நீ எனக்குப் புரியவைத்த அளவில்தான் சொல்கிறேன். கருக்கலைப்பு இந்த நாட்டில் மொத்தமாகத் தடை செய்யப்பட்ட காரியம் இல்லை. படித்த டாக்டர், அனுமதி பெற்ற இடம், சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம், இத்தனை வாரத்துக்குள் என்ற கணக்கு, இவ்வளவும் சரியாக இருந்தால் செய்யலாம் என்று நீ பிறப்பதற்கு முன்பே சட்டம் இருந்தது. அப்புறம் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று தனியாக ஒரு சட்டம் வந்தது. ஸ்கேன் எடுக்கும் இடத்திலெல்லாம் போர்டு தொங்கியது. ரெண்டாயிரத்துக்குப் பிறகு பழைய சட்டத்தையும் திருத்தினார்கள். தனியார் இடங்களுக்கு மாவட்டக் கமிட்டி பார்த்து அனுமதி தரும், அனுமதி இல்லாத இடத்தில் செய்தால் செய்தவருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரருக்கும் ஜெயில், அதுவும் வருஷக்கணக்கில். போலி டாக்டர்களை ஒழிக்க வந்த நல்ல சட்டம். ஆனால் போலிகள் பயப்படவில்லை. போர்டே மாட்டாதவனுக்கு என்ன பயம்? பயந்தது ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். ஸ்கேன் போர்டைப் பார்த்த சனங்கள் கலைப்பதே குற்றம் என்று நினைத்துக்கொண்டார்கள். சில டாக்டர்களும் நமக்கெதுக்கு வம்பு என்று கையைக் கழுவிக்கொண்டார்கள். நம் ரோட்டில் அதுவரை செய்துகொண்டிருந்த நர்சிங் ஹோம்களில் ஒவ்வொன்றாக "அதெல்லாம் இங்க பாக்கறதில்லீங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

நீ அனுமதிக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தாய். வரும்வரை ஒரு கேஸைக்கூடத் தொடவில்லை. எனக்கு ரொம்ப வேண்டியவர் ஒருவர், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர், தன் வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்தார். நானும் சிபாரிசு செய்தேன். நீ பேச்சை வளர்க்காமல் அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றி, நீயும் ஏறி, ராயபுரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், உன்னோடு படித்த டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தாய். வெளியே காத்திருந்த கூட்டம் முணுமுணுத்தது. வேண்டியவர் என்னிடம் சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்னாபா, ஒம் பொண்ணு பெரிய ரூல்ஸ் பேசுது" என்று வழியில் பார்த்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கோ உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ரூல் என்றால் என்னவென்று தெரிந்த வீட்டில் பிறந்தவள் நீ. துறைமுகத்தில் நாங்கள் ஸ்டிரைக் செய்ய வேண்டாம், ரூல்படி வேலை செய்தாலே போதும், நிர்வாகம் ஓடி வந்து பேச்சுவார்த்தைக்கு உட்காரும்.

அனுமதிச் சான்றிதழ் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்ட வேண்டும் என்பது சட்டம் என்றாய். அப்படிப்பட்ட ஒரே இடத்தில் உன் அம்மா மாட்டிய முருகன் காலண்டர் இருந்தது. "முருகனா, கவர்மென்ட்டா?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நீ முருகனைக் கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்துச் சுவரில் மாட்டினாய். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்மா, எனக்கு ரெண்டு பேர் தயவும் வேணும்" என்றாய். அந்தச் சுவர்தான் பின்னால் உன்னைக் காப்பாற்றியது. எந்தச் சுவர் என்று உன் அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் சொல்வாள்.

அதற்கப்புறம் வந்தவள்தான் அந்த ஸ்டேஷன் விஷயத்துப் பெண். எண்ணூர்ப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் பிடித்தபடி ஒன்று. கருத்தடைக்குக் காப்பர் டி போட்டிருந்தும் மறுபடி கரு நின்றுவிட்டது. ரொம்ப நாள் ஆகவில்லை, ஒரு டாக்டர் முடிவு செய்தாலே போதும் என்கிற காலத்துக்குள்தான் வந்திருந்தாள். இதெல்லாம் எனக்கு நீ சொல்லித் தெரியாது. அவளே மேஜைக்கு முன்னால் நின்று, மூச்சு விடாமல் என்னிடமே கொட்டிவிட்டாள். "பெர்சு, மூணு எடத்துல கேட்டுட்டு வர்றேன். எல்லாம் புருஷங்காரன் கையெழுத்து கேக்குது. அது போடாது. இங்கியும் கேப்பாங்கன்னா இப்பவே சொல்லிடு, நா வேற எடம் பாத்துக்கறேன்." அந்த வேற இடம் எது என்று எனக்குத் தெரியும். நம் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும். பெயர் போர்டு இல்லாத வீடு அது. உள்ளே போன பெண்கள் சிலர் ஆம்புலன்ஸில்தான் வெளியே வந்தார்கள்.

இந்த ஊரில் எந்த நர்சிங் ஹோமிலும் அது வழக்கம். புருஷன் கையெழுத்து இல்லாமல் படியேற விடமாட்டார்கள். சட்டம் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். நீ அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசிவிட்டு வெளியே வந்ததும் உன்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "எழிலு, எதுக்கும் வூட்டுக்காரன் கையெழுத்து ஒண்ணு வாங்கிடு. நாளைக்கு எவனாவது வந்து நின்னா ஒனக்குப் பாதுகாப்பு."

"எனக்குப் பாதுகாப்பு நைனா. அவளுக்கு?"

"எல்லாரும் வாங்கறாங்களே."

"சட்டம் கேக்கல. வயசு வந்த பொண்ணு, புத்தி தெளிவா இருக்கு, அவ சம்மதம் ஒண்ணுதான் சட்டம் கேக்குது. இன்னொருத்தர் கையெழுத்த நானா சேத்துக் கேட்டா, சட்டத்துல இல்லாத ஒரு பூட்ட நான் மாட்டற மாதிரி. சாவி அந்தாளு பாக்கெட்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நீ கிரேன் கேபின்ல ஒக்காந்துகினு எத்தினி பேர் கையப் பாப்ப?"

அந்தப் பொரி தின்ற பெண் மறக்கவே இல்லை. நான் விடுவேனா? துறைமுகத்தில் நான் வாதாடித் தோற்றதே இல்லை. "ஒரு கைதான். ஆனா நிறுத்துன்னு யார் சொன்னாலும் நிறுத்தணும்னு சொன்னனே. புருஷங்காரன் நிறுத்துங்கறான்."

"அது லோடுக்குக் கீழ நிக்கறவன் நசுங்கிடக் கூடாதுன்னு வெச்ச ரூலு நைனா. இங்க லோடு யார் தலைக்கு மேல தொங்குது?"

நான் டோக்கன் மேஜைக்குத் திரும்பினேன். வாழ்நாளில் தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அவள் தன் கையால் எழுதிக் கொடுத்தாள், நீ செய்ய வேண்டியதைச் செய்தாய், சாயங்காலம் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். இத்தோடு முடிந்தது என்றிருந்தோம்.

பஸ் ஸ்டாப்பில் யாரோ பார்த்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து, கிளினிக் நிறைய ஆள் உட்கார்ந்திருந்த நடுமத்தியானம், அந்தப் பெண்ணின் புருஷன் நாலைந்து பேரோடு மாடி ஏறி வந்தான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். நீ வெளியே வந்தாய்.

"இன்னா டாக்டரு, எம் பொண்டாட்டி இங்க வந்துச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"இங்க யார் வந்தாங்க, யார் வரலன்னு நான் சொல்றதில்லீங்க."

"நா புருசங்காரன் கேக்கறேன். எவனோ தெருவுல போறவன் கேக்கல."

"யார் கேட்டாலும் அதே பதில்தான். ஒங்க வீட்டு விஷயம்னா ஒங்க வீட்ல கேளுங்க."

அவன் நாற்காலியை உதைத்தான். என் கை மேஜைக்கு அடியில் இருந்த குடைமேல் போனது. கிரேன் ஓட்டின கை, இன்னும் கொஞ்சம் வலு இருக்கிறது. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "நைனா, அடுத்த டோக்கன்" என்றாய். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டு அவனே ஒரு நிமிஷம் தன் டோக்கன் நம்பரைத் தேடுகிற மாதிரி நின்றான். பிறகு "பேஜாரு பண்ணாம வுட மாட்டேன், ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சொன்னபடியே செய்தான். புருஷன் கையெழுத்து இல்லாமல் கருவைக் கலைத்துவிட்டார் என்று புகார். நீயும் நானும் ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போனோம். பின்சீட்டில் உட்கார்ந்து வந்த எனக்கு வழியெல்லாம் ஒரே நினைப்புதான். டாக்டர் பட்டியலிலிருந்து இவள் பெயரை அடித்துவிட்டால் என்ன ஆகும்? இவ்வளவு படிப்பும் போய்விடுமே. நீ சிக்னலில் நின்றபோதெல்லாம் இண்டிகேட்டரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தாய்.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. உனக்கு நாற்காலி போட்டார், எனக்கு டீ சொன்னார். "டாக்டர், புருஷன் கையெழுத்து போட்ட பேப்பர் இருந்தா காட்டிட்டுப் போயிடுங்க" என்றார். சட்டத்தில் அப்படி ஒரு கையெழுத்தே கேட்கவில்லை என்று நீ கொண்டுபோன புத்தகத்தைத் திறந்து காட்டினாய். அவர் படித்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷமாக அவரும் என்னைப் போலத்தான் நினைத்திருக்கிறார். பிறகு நமக்கு உதவி செய்கிற எண்ணத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். "பேப்பரெல்லாம் வுடுங்க. அப்படி ஒரு பொண்ணு உங்க கிளினிக்குக்கு வரவே இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் எழுதிக்கிட்டு இப்பவே முடிச்சுடறேன். அவன்கிட்ட என்ன சாட்சி இருக்கு? பஸ் ஸ்டாப்ல எவனோ பாத்தான்கறான், அவ்ளோதான்."

எழில், அந்த இடத்தில் நான் என் மனதுக்குள் கும்பிட்டேன். சொல்லிடு கண்ணு, ஒரு வார்த்தை, வரல, அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்விடலாம் என்று. அந்தப் பெண்ணுக்கும் அதுதான் நல்லது என்றுதான் எனக்குப் பட்டது. நீ புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாய்.

"வரலன்னு சொல்ல முடியாது சார். வந்தாங்கன்னும் சொல்ல முடியாது."

"வரலன்னா வரலன்னு சொல்றதுல என்னம்மா கஷ்டம்?"

"இன்னிக்கு ஒருத்தங்களுக்கு வரலன்னு சொல்லிட்டா, நாளைக்கு இன்னொருத்தங்களப் பத்திக் கேக்கும்போது சொல்ல மாட்டேன்னா, அவங்க வந்தாங்கன்னு அர்த்தமாயிடும் சார். அதனால வராதவங்களுக்கும் இதேதான் என் பதில். கோர்ட்டு சட்டப்படி கேட்டா, கேக்க வேண்டிய முறையில கேட்டா, குடுக்க வேண்டியவங்களுக்கு மட்டும் ரெஜிஸ்டர சீல் வெச்சுக் குடுப்பேன். மத்தபடி நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, பொண்ண எங்க படிக்க வெச்சீங்க?" என்று கேட்டார். திருவொற்றியூர் கார்ப்பரேஷன்... வேண்டாம், அதுவும் அடையாளம். நான் என்ன படிக்க வைத்தேன்? எனக்கு அந்தப் பதில் தோன்றியிருக்குமா? பொய் சொல்லி ஒருத்தியைக் காப்பாற்றலாம் என்ற வரைக்கும்தான் என் புத்தி போனது. அந்த ஒரு பொய்யால் இனிமேல் வரப்போகிற அத்தனை பெண்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ கண்டுபிடித்தாய். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நீ கிளினிக் சாவியை ஸ்கூட்டரில் செருகித் திருகினாய். நான் சொன்ன பிறகுதான் சாவியை மாற்றினாய். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உன்மேல் மரியாதை இன்னும் கூடியது. பயமில்லாமல் சொல்லியிருந்தால் அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

அப்புறம் வந்த நாட்கள் சுலபமாக இல்லை. புகார் சுகாதாரத் துறைக்குப் போனது. உன்னோடு படித்தவர்கள் போன் செய்து, கையெழுத்து ஒன்று வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று அனுதாபப்பட்டார்கள். போலீஸ் வந்த கிளினிக் என்று வருகிறவர்கள் குறைந்தார்கள். பிரசவத்துக்குப் பதிந்திருந்தவர்களில் சிலர்கூட வேறு இடம் போனார்கள். உன் அம்மா செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தாள். உனக்கு அதைவிட வேறு கவலை. அந்தப் பெண் என்ன ஆனாள், அவன் அடித்தானா, சாப்பிடுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. "போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று நான் கேட்டேன். "நாம அங்க போனா அதுவே பதில் ஆயிடும் நைனா" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பூராவும் நீ யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இதில் இருக்கிற கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறார்கள்.

கடைசியில் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். முருகனுக்குப் பக்கத்தில் இருந்த சான்றிதழை முதலில் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்தார், ஆக்ஸிஜனைத் திறந்து பார்த்தார், சட்டப்படி அவர் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை என்று எழுதினார். புகாரில் முகாந்திரம் இல்லை என்று ஸ்டேஷனிலும் மூடிவிட்டார்கள். சினிமாவில் வருவது போலக் கைதட்டல் எல்லாம் இல்லை. ஒரு தபால் வந்தது, நீ படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, "அடுத்த டோக்கன்" என்றாய். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணும் கைக்குழந்தைக்கு அம்மை ஊசி போட வந்தாள். எல்லாரையும் போல வரிசையில் உட்கார்ந்தாள். உன்னைப் பார்த்துச் சிரித்தாள், நீயும் சிரித்தாய். குழந்தைதான் ஊரைக் கூட்டி அழுதது.

நான் சொல்ல வந்தது இதற்கும் பிறகு நடந்தது. ஒரு மத்தியானம் நீ உள்ளே பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாய். மாடிப்படியில் யாரோ தயங்கித் தயங்கி ஏறுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவன், நாற்காலியை உதைத்தவன். தனியாக வந்திருந்தான். நான் குடையைத் தேடினேன். அவன் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான். "பெர்சு, ஒரு டோக்கன் வோணும். எனுக்கு இல்ல, எங்கூட்டு ஆளு ஒண்ணு கீழ நிக்குது. இங்க வந்தா வெளிய தெரியாதில்ல?"

யாருக்காக வந்தான், எதற்காக வந்தான் என்று எழுத மாட்டேன். ‘ஒனக்கே சொல்லலியேபா’ என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு அருமையான பதில்! வாழ்நாள் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் அதைச் சொன்னால், சொல்ல ஏதோ இருந்தது என்று ஆகிவிடும். விழுங்கிவிட்டேன். "தெரியாது" என்று மட்டும் சொல்லி டோக்கனைக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். "தெரியும் பெர்சு. அதான் இங்க வந்தேன்" என்றான். இத்தனை டாக்டர்கள் இருக்கிற ரோட்டில் அவன் உன்னைத் தேடி வந்த காரணம், நீ அவனுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததுதான். உன்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவன் தன் வீட்டு ஆளுக்கு உன்னை நம்பினான். இதைவிட ஒரு டாக்டருக்கு என்ன பட்டம் வேண்டும்? அன்றைக்கு நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிரஷர் மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, இன்றைக்கு உன் வருங்கால மாமியாருக்கு என்ன சொன்னேன் என்று சொல்கிறேன்.

"அம்மா, அவ வார்த்தைய நான் குடுக்க முடியாதுங்க. எம் பொண்ணு கிளினிக்குல வயசு வந்த பொண்ணு தன் ஒடம்பப் பத்தி முடிவு பண்ணா, அவ கையெழுத்து ஒண்ணுதான் செல்லும். புருஷன் கையெழுத்தும் வேணாம், அப்பன் கையெழுத்தும் வேணாம். அங்க வர்றவங்களுக்கெல்லாம் ஒரு சட்டம், அவளுக்கு மட்டும் வேற சட்டமாங்க? அவ கையால அவ செய்யற வேல அது. கேக்கறதுன்னா அவளையே கேளுங்க."

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் முதல் தடவையாக ஹெல்மெட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போய்விட்டது. "யோசிச்சு சொல்றோம் சம்மந்தி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்தார். கல்யாணம் நின்றாலும் நிற்கலாம். உன் அம்மா அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை, பஜ்ஜியையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மா நின்றார். மகன் ஸ்கூட்டரைத் திருப்பப் போயிருந்தார். பக்கத்தில் வந்து, ரகசியமாக, "கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. போலீசு வந்துச்சே, அந்தப் பொண்ணு நெஜமாவே டாக்டரம்மாகிட்ட வந்துச்சா?" என்று கேட்டார்.

"யாரு வந்தாங்க, யாரு வரலன்னு எங்க வூட்ல சொல்றதில்லீங்க" என்றேன்.

அவர் ‘சரி’ என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கோ மறுநாளோ உன்னிடமே நேராகக் கேட்பார். அவர் பயத்தை மதித்துப் பேசு, அது பொய்ப் பயம் இல்லை. தொடர்ந்து செய்வாய் என்றால் அதையே சொல். வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் அதையும் சொல், ஒருத்தருக்கும் நீ விளக்கம் தர வேண்டியதில்லை. என் ஆசை என்ன என்று கேட்கிறாயா? நீ அந்த வேலையை விடக்கூடாது, கண்ணு. விட்டால் அந்தப் பெண்கள் பெயர் போர்டு இல்லாத வீட்டுக்குத்தான் போவார்கள். ஆனால் இது என் ஆசைதான். நான் மேஸ்திரி மாதிரி கீழே நின்று கத்துகிறவர்களில் ஒருவன். என் கத்தலைக் காதில் வாங்காதே.

மாமியார் கத்துவார், மாப்பிள்ளை ஹாரன் அடிப்பார், உன் அம்மா விரதம் இருப்பாள். முடிவு உன் கையில் இருக்கிறது. நானும் கத்தி முடித்து மேலே கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டேன், எழில். உன் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டோக்கன் மேஜையிலிருந்து,
உன் நைனா